தப்பென்று தெரிந்தும் பையன் ஏன் ஒயரை அறுக்கிறான்?

ஜூலை 6, இரவு 9.10
வலங்கைமான் ஆசிரியர்

ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் ஐந்து பேர். பம்ப்செட் ஒயரை அறுத்து, மேலே இருக்கும் ரப்பரை எரித்து, தாமிரத்தைக் காயலான் கடையில் போட்டிருக்கிறார்கள். குறுவை நாற்றங்கால் விட்டிருக்கும் நேரம். இந்த ஐந்து பேருமே கள்ளாமை அதிகாரத்தைத் தடங்கலில்லாமல் ஒப்பிப்பார்கள். திருடுவது தப்பா என்று கேட்டால் "தப்புதான் சார்" என்று உடனே பதில் வருகிறது. வாரம் இரண்டு பீரியட் நீதிபோதனை வைத்தால் சரியாகிவிடும் என்பது என் எண்ணம். பள்ளியில் சிலர் டி.சி. கொடுக்கச் சொல்கிறார்கள். சிலர் ஸ்டேஷனில் ஒரு நாள் உட்கார வைத்தால் போதும் என்கிறார்கள். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூலை 6, இரவு 9.55
குடந்தை ஆலோசகர்

போதனை பீரியடை மட்டும் நம்பாதீர்கள். இதை 1920-களிலேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் ஹார்ட்ஷோர்ன், மே என்ற இருவர் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குக் காப்பியடிக்கவும் பொய் சொல்லவும் காசு எடுக்கவும் வாய்ப்பு அமைத்துக் கொடுத்து என்ன செய்கிறார்கள் என்று பார்த்தார்கள். 1928 முதல் 1930 வரை முடிவுகள் வெளிவந்தன. நேர்மையைப் பற்றி நன்றாகப் பேசிய பிள்ளைதான் நேர்மையாக நடந்தது என்று சொல்ல முடியவில்லை. ஒரே பிள்ளை ஒரு இடத்தில் ஏமாற்றியது, இன்னொரு இடத்தில் ஏமாற்றவில்லை. மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு எவ்வளவு, கூட இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைப் பொறுத்து நடத்தை மாறியது.

"தப்புதான் சார்" என்பது வாய்ப்பாடு மாதிரி வந்து விழும் பதில். "ஏன் தப்பு?" என்று ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். சொல்வதைத் திருத்தாமல், அவன் வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். அதைப் பார்த்தபிறகு பேசலாம்.

ஜூலை 6, இரவு 10.20
மன்னார்குடி வக்கீல்

ஸ்டேஷன் யோசனையை இன்றைக்கே விட்டுவிடுங்கள். 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், அதாவது சிறார் சட்டம், 2016 ஜனவரி 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. 18 வயது முடியாத யாரையும் லாக்கப்பில் வைக்கக்கூடாது, கைவிலங்கு போடக்கூடாது. பேசுவதற்கு ஒவ்வொரு ஸ்டேஷனிலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் என்று ஒருவர் இருக்க வேண்டும். அவரும் சீருடையில் வரக்கூடாது. பிடித்தால் 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். குழுமம் என்றால் ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும்.

சாதாரணத் திருட்டுக்கு, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 303-ம் பிரிவில் அதிகபட்சம் மூன்று ஆண்டு. அதனால் சிறார் சட்டப்படி இது 'சிறு குற்றம்' வகை. இந்த வகையில் எஃப்.ஐ.ஆர். போடுவதில்லை. ஸ்டேஷன் பொது நாட்குறிப்பில் பதிந்து, பையனின் குடும்பப் பின்னணி அறிக்கையைப் படிவம் 1-ல் எழுதிக் குழுமத்துக்கு அனுப்புவார்கள். பெரியவர்கள் கூட்டுச் சேர்ந்திருந்தால் எஃப்.ஐ.ஆர். வரும்.

ஜூலை 6, இரவு 10.34
மன்னார்குடி வக்கீல்

ஒன்று விட்டுப்போனது. காயலான் கடைக்காரரை ஏன் யாரும் கேட்கவில்லை? திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்கியிருந்தால் அதே சன்ஹிதாவின் 317-ம் பிரிவு, அவருக்கும் மூன்று ஆண்டு வரை. "கொண்டு வாங்கடா, எடுத்துக்கிறேன்" என்று அவரே அனுப்பியிருந்தால் சிறார் சட்டத்தின் 83-ம் பிரிவு, ஏழு ஆண்டு வரை கடுங்காவல், ஐந்து லட்சம் அபராதம். பையனைக் கேட்பதற்கு முன்னால் எரித்த தாமிரத்தை எடைபோட்டது யார் என்று கேளுங்கள்.

ஜூலை 7, காலை 6.15
தலைஞாயிறு விவசாயி

சட்டமெல்லாம் சரி. ஒயரு போனவருக்கு யாரு பதில் சொல்றது? பையனுக்குக் கெடச்சது சில நூறு ரூபா. அவரு புது ஒயரு வாங்கணும், வயர்மேனப் புடிக்கணும், நீர்மூழ்கி மோட்டாரா இருந்தா கொழாயோட மேல தூக்கணும். அதுக்கு ஆளு வேணும். நாலஞ்சு நாளு தண்ணியில்லன்னா நாத்தங்கால் வெடிச்சுப் போவும். குறுவ நாத்து இருபது இருபத்தஞ்சு நாளுக்குள்ள புடுங்கி நடணும். தள்ளிப் போனா நாத்து முத்தி, நட்டாலும் தூரு கட்டாது. மறுபடி வெதை விட்டா அறுப்பு அடமழையில போயி நிக்கும். இவ்வளவும் அந்தப் பசங்களுக்குத் தெரியாதா? அவனுவளும் விவசாயக் குடும்பந்தானே.

இன்னொண்ணு. மும்முனை கரண்டு வந்திருக்கற நேரத்துல ஒயருல கத்திய வச்சிருந்தா அஞ்சுல ஒருத்தன் அங்கயே போயிருப்பான்.

ஜூலை 7, காலை 11.30
குடந்தை ஆலோசகர்

விவசாயி ஐயா சொன்னதை எடுத்து வையுங்கள் சார், பின்னால் வேண்டும். அவர் கேட்ட கேள்விக்குப் பதில்: தெரியும். தெரிந்ததைச் செய்கிற நேரத்தில் ஓரம்கட்டி வைக்கப் பையன்களிடம் சில வாசகங்கள் இருக்கும். சைக்ஸ், மட்சா என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 1957-ல் அவற்றை ஐந்தாகப் பிரித்தார்கள். நம் ஊர்ப் பேச்சில் போட்டால் இப்படி வரும்:

"நான் சும்மாதான் சார் போனேன், அவனுங்கதான் இழுத்துட்டுப் போனாங்க." பொறுப்பு என்னுடையது இல்லை.

"அவருக்கு என்ன சார், நாலு மோட்டார் இருக்கு." யாருக்கும் நட்டமில்லை.

"எங்கம்மாவுக்கு நடவுக் கூலி பாக்கி வச்சிருக்காரு." பறிகொடுத்தவருக்கு இது வேண்டியதுதான்.

"ராத்திரி மணல் ஏத்துறவங்கள யாரும் புடிக்கலியே." குறை சொல்கிறவர்களே யோக்கியமில்லை.

"கூட்டாளியக் காட்டிக் குடுக்க முடியாது." எல்லாவற்றுக்கும் மேல் நட்பு.

இந்த ஐந்தில் மூன்றாவதையும் நான்காவதையும் அவசரப்பட்டுத் தள்ளிவிடாதீர்கள். கூலி பாக்கி உண்மையாகவே இருக்கலாம். இருந்தால் அதைத் தனி விஷயமாக எடுத்துத் தீர்க்க வேண்டும். "பாக்கி இருக்கு, சரி. அதை வாங்க என்ன வழி? ஒயரை அறுத்ததால் பாக்கி வந்ததா?" என்று கேளுங்கள். உண்மையான குறையை ஆசிரியர் மறுத்துவிட்டால் பையன் அதோடு வாயை மூடிக்கொள்வான்.

ஜூலை 7, இரவு 8.05
வலங்கைமான் ஆசிரியர்

ஐந்து பேரையும் தனித்தனியாகக் கேட்டேன். பதில்கள்: "மாட்டினா அடி விழும்." "போலீஸ் வரும்." "நாளைக்கு நம்ம வீட்டு ஒயர அவங்க அறுப்பாங்க." "அம்மா அழும் சார்." ஐந்தாமவன் பேசவே இல்லை.

ஜூலை 7, இரவு 9.40
குடந்தை ஆலோசகர்

இதற்குத்தான் கேட்கச் சொன்னேன். லாரன்ஸ் கோல்பெர்க் என்ற உளவியலாளர் 1958-ல் சிகாகோவில் தன் ஆய்வில் 10, 13, 16 வயதுப் பையன்களிடம் ஒரு சிக்கலைச் சொல்லி, சரியா தப்பா என்ற முடிவைவிட அதற்குச் சொன்ன காரணத்தைத்தான் பிரித்துப் பார்த்தார். அதிலிருந்து ஆறு படிகள் வந்தன. அடிக்கும் போலீசுக்கும் பயந்து சொல்வது முதல் படி. "நம்ம ஒயர அறுப்பாங்க" என்ற கொடுக்கல் வாங்கல் கணக்கு இரண்டாவது. "அம்மா அழும்" என்பது மூன்றாவது, நெருங்கியவர்கள் மனசில் நான் யார் என்ற கணக்கு. ஊருக்கெல்லாம் ஒரே முறை இருந்தால்தான் எல்லோரும் பிழைக்கலாம் என்பது நான்காவது. ஐந்தும் ஆறும் பெரியவர்களிடமே அரிது.

14 வயதில் மூன்றாம் படிக்கு வந்துகொண்டிருக்க வேண்டும். சட்டத்தோடு மோதிய பிள்ளைகளில் பலர் இரண்டிலேயே நிற்கிறார்கள். 2006-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் 50 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோதும் அவர்களின் காரணம் சொல்லும் நிலை மற்றப் பிள்ளைகளைவிடத் தெளிவாகக் கீழே இருந்தது. உங்கள் ஐந்து பேரில் மூன்று பேர் ஒன்றிலும் இரண்டிலும், ஒருவன் மூன்றில். ஒரே ஒரு பதிலை வைத்துப் பையனுக்கு முத்திரை குத்தாதீர்கள். இரண்டு மூன்று சிக்கல்களாவது கேட்டால்தான் சுமாராகச் சொல்ல முடியும்.

பேசாதவனைப் பற்றி எனக்குக் கவலை. அவனிடம் மறுபடி கேள்வி கேட்காமல் பக்கத்தில் உட்காருங்கள்.

ஜூலை 8, காலை 7.20
திருவையாறு ஓய்வு தலைமையாசிரியர்

வெளிநாட்டுச் சிக்கல் எதற்கு? திருவாரூரில் கல் தேர் நிற்கிறது. மனுநீதிச் சோழன் கதையைச் சொல்லி, மகனைத் தேர்க்காலில் இட்டது சரியா என்று கேட்கலாமே.

ஜூலை 8, பகல் 1.10
குடந்தை ஆலோசகர்

ஐயா, அதில் ஒரு சங்கடம். முடிவு எல்லோருக்கும் தெரிந்த கதை, ராஜா செய்தது உயர்ந்தது என்று சின்ன வயதிலிருந்து கேட்டது. பையன் பரீட்சைப் பதிலைத்தான் சொல்வான். கேள்வியைத் திருப்பினால் பயன்படும்: "கன்று சக்கரத்தில் மாட்டியது இளவரசனுக்குத் தெரியாது. தெரியாமல் செய்ததற்கும் தெரிந்தே செய்ததற்கும் ஒரே தண்டனையா?" பியாஜே என்ற உளவியலாளர் 1932-ல் இதைத்தான் சின்னப் பிள்ளைகளிடம் கேட்டார். தெரியாமல் 15 கோப்பைகளை உடைத்தவன் பெரிய குற்றவாளியா, எடுக்கக்கூடாததை எடுக்கப் போய் ஒரு கோப்பையை உடைத்தவனா என்று. சின்னப் பிள்ளை உடைந்த எண்ணிக்கையைப் பார்க்கும், வளர வளர நோக்கத்தைப் பார்க்கும்.

ஒன்பதாம் வகுப்புக்கு நான் பரிந்துரைப்பது தண்ணீர்ச் சிக்கல். கடைமடையில் ஒரு குடும்பம். ஒன்றரை ஏக்கர், பயிர் வாடுகிறது, வட்டிக்கு வாங்கிப் போட்ட முதல். தண்ணீர் பாய்ச்சும் முறை பக்கத்து வயலுக்கு. ராத்திரி யாரும் இல்லை. மகன் மடையைத் திருப்பி விடலாமா?

நடத்தும் விதம். எட்டிலிருந்து பத்துப் பேர், வட்டமாகத் தரையில். அறுத்த ஐந்து பேரையும் ஒரே குழுவில் போடாதீர்கள், குழுவுக்கு இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். முதல் ஐந்து நிமிடம் பேச்சே இல்லை: என்ன செய்வான், ஏன் என்று ஒவ்வொருவரும் தாளில் எழுத வேண்டும். எழுதாமல் பேச விட்டால் வகுப்பில் கெட்டிக்காரன் சொன்னதையே எல்லோரும் சொல்வார்கள். பிறகு திருப்பலாம், கூடாது என்று இரண்டு பக்கமாக உட்காரச் சொல்லிக் காரணங்களைக் கரும்பலகையில் எழுதுங்கள். அதன்பின் சூழலை மாற்றிக்கொண்டே போங்கள்: பக்கத்து வயல்காரர் அவன் மாமாவாக இருந்தால்? அவரும் கடன்காரராக இருந்தால்? கடைசி வரை யாருக்கும் தெரியவே தெரியாது என்றால்? ஊரில் பத்துப் பேர் இதையே செய்தால்? ஒரு பையன் இரண்டாம் படியில் பேசினால், மூன்றாம் படியில் பேசுகிறவனை அவனுக்கு நேராகப் பதில் சொல்லச் சொல்லுங்கள். ஐந்தாம் படிப் பேச்சு அவனுக்கு ஏறாது. ஒரு படி மேலே இருக்கிற சக மாணவன் சொன்னால் ஏறும்.

40 நிமிடம், வாரம் ஒரு தடவை. மூன்று வாரத்துக்குக் குறைந்த திட்டங்களால் பயனில்லை என்று 1985-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு காட்டியது. ஒரு பருவம் முழுக்க நடத்துங்கள்.

ஜூலை 8, பகல் 1.25
குடந்தை ஆலோசகர்

இது எங்கே கெடும் என்றால், ஆசிரியர் முதலில் வாயைத் திறக்கிற இடத்தில்தான். "நல்ல பதில்" என்று ஒருவனைப் பாராட்டிவிட்டால் அன்றைய வகுப்பு முடிந்தது. ஊரில் நிஜமாகவே தகராறில் இருக்கிற வயலையோ தெருவையோ சொல்லிவிட்டாலும் கெடும். சாதி உள்ளே வந்துவிடும், பிறகு யார் என்ன படி என்பதெல்லாம் எடுபடாது.

ஜூலை 8, மாலை 5.50
தலைஞாயிறு விவசாயி

ஒன்றரை ஏக்கர்னு போட்டது சரி. ஆனா முறைய நாள் கணக்காச் சொல்லுங்க. வாய்க்காலுக்கு முறை வச்சு விடும்போது இத்தன நாளு திறப்பு, இத்தன நாளு அடைப்புன்னுதான் வரும். "இன்னையோட முறை முடியுது, அடுத்த திறப்பு வர ஆறு நாள் ஆவும், பயிரு ரெண்டு நாள்கூடத் தாங்காது" அப்படின்னு எழுதுனாத்தான் நம்ம பசங்க நம்புவானுவ. இல்லாட்டி "மறுநாள் பாச்சிக்கலாமே சார்"னு ஒருத்தன் சொல்லி முடிச்சுடுவான்.

ஜூலை 8, மாலை 6.05
வலங்கைமான் ஆசிரியர்

மாற்றிவிட்டேன். அருமை அண்ணே.

ஜூலை 9, இரவு 9.00
திருவையாறு ஓய்வு தலைமையாசிரியர்

ஒழுங்கு என்பது சின்ன விஷயத்தில் தொடங்குகிறது. முடியை ஒட்ட வெட்டாதவன், சட்டையை உள்ளே விடாதவன், கையில் கயிறு கட்டுபவன், இவர்கள்தான் நாளைக்கு ஒயர் அறுக்கிறார்கள். அதையும் இதையும் ஒரே கண்டிப்போடு பார்க்க வேண்டும்.

ஜூலை 9, இரவு 9.45
குடந்தை ஆலோசகர்

இதில் ஐயாவோடு எனக்கு உடன்பாடில்லை. எலியட் டூரியல் என்ற உளவியலாளர் 1983-ல் எழுதியதன் சாரம்: வழக்கத்துக்காக வைத்த விதி வேறு, அடுத்தவரைக் காயப்படுத்துவது வேறு என்பது மழலையர் பள்ளி வயதுக் குழந்தைகளுக்கே தெரிகிறது. "டீச்சர் சரின்னு சொன்னா சட்டையை வெளியே விடலாமா?" என்றால் விடலாம் என்கிறார்கள். "டீச்சர் சரின்னு சொன்னா அடிக்கலாமா?" என்றால் கூடாது என்கிறார்கள். முடிக்கும் திருட்டுக்கும் ஒரே முட்டி போடுதல், ஒரே பிரம்பு என்றால் அந்தக் குழந்தைக்குத் தெரிந்த வித்தியாசத்தை நாமே அழிக்கிறோம். திருட்டும் சார் போட்ட இன்னொரு ரூல்தான் என்று ஆகிவிடும்.

கயிறு மட்டும் தனி. சாதி நிறத்தில் கட்டுகிற கயிறு, யாரோடு சேர வேண்டும், யாரை அடிக்கலாம் என்று அடையாளம் காட்டுவதற்கு. அது முடி வெட்டும் விஷயத்தோடு சேராது, காயப்படுத்தும் பக்கம் சேரும். 2023-ல் நாங்குநேரியில் சாதி வெறியில் மாணவர்கள் சக மாணவனை வெட்டியதற்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழுவும் 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் இந்தக் கயிறுகளைப் பள்ளியில் தடுக்கச் சொன்னது.

ஜூலை 9, இரவு 10.15
திருவையாறு ஓய்வு தலைமையாசிரியர்

கயிறு பற்றிச் சொன்னது சரி. முடி விஷயத்தை யோசிக்கிறேன். ஆனால் விதியே வேண்டாம் என்று நீங்கள் சொல்லவில்லையே?

ஜூலை 9, இரவு 10.20
குடந்தை ஆலோசகர்

இல்லை ஐயா. விதி இருக்கட்டும். தண்டனையின் எடை வேறாக இருக்கட்டும், காரணமும் வேறாகச் சொல்லட்டும்.

ஜூலை 10, பகல் 2.30
மன்னார்குடி வக்கீல்

டி.சி. பற்றி யாரும் பேசவில்லை. எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்கக்கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் 16-ம் பிரிவு சொல்கிறது. ஒன்பதாம் வகுப்புக்கு அது நேரடியாக வராது, அந்த இடைவெளியைத்தான் பல பள்ளிகள் பயன்படுத்துகின்றன. ஆனால் சிறார் சட்டம் 24-ம் பிரிவைப் படியுங்கள்: இந்தச் சட்டத்தின் கீழ் முடிந்த வழக்கால் பிள்ளைக்கு எந்தத் தகுதியிழப்பும் வரக்கூடாது. 74-ம் பிரிவு, பெயர், படம், பள்ளி எதையும் வெளியிடக்கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம். ஊர் வாட்ஸப் குழுவில் ஐந்து பேர் போட்டோவும் சுற்றுவதாக ஆசிரியர் தனியாகச் சொன்னார். அதை முதலில் எடுக்கச் சொல்லுங்கள்.

ஜூலை 10, இரவு 8.40
குடந்தை ஆலோசகர்

டி.சி. கொடுத்தால் அந்தப் பையன் பகல் முழுக்க எங்கே இருப்பான்? பதில் காயலான் கடைப் பக்கம்தான். பயமுறுத்திப் பார்க்கும் வழியும் வேண்டாம். பிள்ளைகளைச் சிறைக்குக் கூட்டிப் போய்க் கைதிகளை விட்டு மிரட்ட வைக்கும் திட்டங்கள் அமெரிக்காவில் நிறைய நடந்தன. ஒன்பது சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஒன்றும் செய்யாமல் விட்ட பிள்ளைகளைவிடப் போய் வந்த பிள்ளைகள் அதிகம் குற்றம் செய்திருந்தார்கள். தப்பு செய்த பிள்ளைகளை மட்டும் ஒன்றாக உட்கார வைத்து ஆலோசனை கொடுத்ததும் சில இடங்களில் தீமையாகவே முடிந்தது. 1999-ல் டிஷியன் என்ற உளவியலாளரும் மற்றவர்களும் காட்டிய காரணம் எளிது: ஒருவன் தன் வீரப் பிரதாபத்தைச் சொல்ல, மற்றவர்கள் சிரிக்கிறார்கள், அந்தச் சிரிப்பே பரிசாகிவிடுகிறது. ஐந்து பேரையும் ஒரே குழுவில் வைக்க வேண்டாம் என்றது இதனால்தான்.

கூட்டத்தின் வேகமும் இருக்கிறது. ஸ்டைன்பெர்க், கார்ட்னர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2005-ல் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டை வைத்தார்கள். தனியாக ஆடும்போது 13 முதல் 16 வயதுக்காரர்கள் பெரியவர்களைவிடக் கொஞ்சம்தான் அதிகம் துணிந்தார்கள். நண்பர்கள் பக்கத்தில் நின்றபோது அந்தத் துணிச்சல் வெகுவாக ஏறியது, பெரியவர்களுக்கு அப்படி ஏறவில்லை. நம் ஐந்து பேரில் எவனும் தனியாக அந்தக் கொல்லைக்குப் போயிருக்க மாட்டான் என்று எனக்குத் தோன்றுகிறது. ராத்திரி ஏழிலிருந்து பத்து வரை அவர்கள் எங்கே கூடுகிறார்கள், யாருடைய பைக், யார் பெட்ரோல் போடுகிறார்கள் என்று பாருங்கள். அந்த மூன்று மணி நேரத்தில் கபடியோ டியூஷனோ, பெரியவர் ஒருவர் கண் பார்வையில் இருக்கிற எதையாவது வைத்தால் அதுவே பாதி வேலை.

ஜூலை 10, இரவு 8.55
மன்னார்குடி வக்கீல்

பைக் என்றதும் ஒன்று. 18 முடியாதவன் ஓட்டி மாட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ-படி வண்டி உரிமையாளருக்கோ பெற்றோருக்கோ மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 அபராதம், வண்டிப் பதிவு 12 மாதம் ரத்து, பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொல்லுங்கள், சாவி அலமாரிக்குள் போய்விடும்.

ஜூலை 12, காலை 10.00
வலங்கைமான் ஆசிரியர்

பேசாதவன் நேற்று பேசினான். எட்டு வயதிலிருந்தே கடையில் எடுப்பானாம். நாயைக் கல்லால் அடித்ததற்கும், வீட்டில் தீ வைத்ததற்கும் முன்பே அடி வாங்கியிருக்கிறான். எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான். இவனும் மற்ற நாலு பேரும் ஒன்றா?

ஜூலை 12, காலை 11.15
குடந்தை ஆலோசகர்

இல்லை சார். டெரி மோஃபிட் என்ற உளவியலாளர் 1993-ல் பிரித்துக் காட்டியது இதைத்தான். 13, 14-ல் கூட்டாளிகளோடு தொடங்கி, வேலை குடும்பம் என்று வந்ததும் நின்றுபோகிற பெரும்பாலோர் ஒரு பக்கம். பத்து வயதுக்கு முன்பே தொடங்கி, வீடு, பள்ளி, தெரு என்று எல்லா இடத்திலும் தொடர்கிற சிலர் இன்னொரு பக்கம். இரண்டாம் வகையில் படிப்புக் குறைபாடு, கவனக் குறைவு, வீட்டில் அடி உதை சேர்ந்தே இருக்கும். இவனுக்குத் தண்ணீர்ச் சிக்கல் வகுப்பு மட்டும் போதாது. தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அம்மாவோடு அழைத்துப் போங்கள். வாசிப்புச் சிரமத்தையும் அங்கேயே சொல்லிப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். வீட்டில் யாராவது துன்புறுத்துகிறார்கள் என்று தெரிந்தால் 1098. இவன் கெட்டவன் என்ற பேச்சை ஆசிரியர் அறையிலேயே நிறுத்திவிடுங்கள். இவனுக்கு மற்ற நாலு பேரைவிட அதிக வருஷம் நம் துணை தேவை.

ஜூலை 13, இரவு 7.30
தலைஞாயிறு விவசாயி

மத்த நாலு பேரு அந்த மனுசனுக்கு என்ன செய்யறது?

ஜூலை 13, இரவு 9.20
குடந்தை ஆலோசகர்

பையனும் அப்பாவோ அம்மாவோ ஒருவரும், ஒரு நேரத்தில் ஒரு குடும்பம் மட்டும், அவர் வீட்டுக்குப் போகட்டும். அவர் சம்மதித்தால் மட்டும். போவதற்கு முன் பையன் தன் கையால் ஒரு கணக்கு எழுத வேண்டும். ஒயர் எத்தனை மீட்டர், கடையில் விலை என்ன, வயர்மேன் கூலி என்ன, நாற்றங்கால் எத்தனை நாள் காய்ந்தது. விலையைக் கடையிலும் வயர்மேனிடமும் அவனே கேட்டு எழுதட்டும். விவசாயி ஐயா 7-ம் தேதி எழுதியதை அப்படியே மாதிரியாகக் கொடுங்கள். விற்ற காசையும் அந்தக் கூட்டுத் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதும்போது "நாலு மோட்டார் இருக்கு" என்ற வாசகம் தானாக அடிபடும். காலில் விழ வைக்காதீர்கள். அங்கே அவமானப்படுத்தினால் பையன் வெளியே வந்ததும் தன்னைத்தான் பாதிக்கப்பட்டவனாக நினைப்பான்.

அப்பா மொத்தமாகப் பணம் கட்டி முடித்துவிட்டால் பையனுக்கு ஒன்றும் மிஞ்சாது. ஒரு பங்கு அவன் உழைப்பாகப் போகட்டும்: நாற்றுக்கட்டு தூக்குவது, வரப்பு வெட்டுவது, சனி ஞாயிறு பகலில், பெரியவர் ஒருவர் கூட இருக்க. மோட்டார் கொட்டகைப் பக்கம் வேண்டாம்.

ஜூலை 13, இரவு 9.50
மன்னார்குடி வக்கீல்

குழுமத்தில் விஷயம் இருந்தால் இதைத் தனியாகச் செய்யாதீர்கள். நன்னடத்தை அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள், அவர் தன் சமூக விசாரணை அறிக்கையில் சேர்ப்பார். சிறார் சட்டம் 18-ம் பிரிவில் அறிவுரை, குழு ஆலோசனை, சமூக சேவை, நன்னடத்தைக் கண்காணிப்பு எல்லாம் இருக்கிறது. சிறப்பு இல்லம் கடைசி வழி. நாலு மாதத்தில் விசாரணை முடிய வேண்டும். நீட்டித்தாலும் இன்னும் இரண்டு மாதம்தான், அதற்குள் முடியாவிட்டால் சிறு குற்ற வழக்கு முடித்து வைக்கப்படும். வேலைக்குப் பள்ளி நேரம் போகக்கூடாது, எத்தனை மணி நேரம் என்று முதலிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இல்லாவிட்டால் நாளைக்கு யாராவது குழந்தைத் தொழிலாளர் புகார் கொடுக்கலாம்.

ஜூலை 15, காலை 8.10
வலங்கைமான் ஆசிரியர்

வாட்ஸப் போட்டோவை எடுத்துவிட்டார்கள். டி.சி. பேச்சு நின்றுவிட்டது. ஒயர் பறிகொடுத்தவர் இரண்டு குடும்பங்களைப் பார்க்கச் சம்மதித்திருக்கிறார், மற்ற இரண்டு பேரை இப்போது பார்க்க முடியாது என்கிறார், கட்டாயப்படுத்தவில்லை. தஞ்சாவூருக்குச் சனிக்கிழமை நானும் கூடப் போகிறேன். தண்ணீர்ச் சிக்கல் வகுப்புக்கு செவ்வாய் ஆறாவது பீரியட் கிடைத்திருக்கிறது, ஒன்பது பேர், தாள் தயார்.

ஜூலை 15, காலை 8.35
குடந்தை ஆலோசகர்

ஆறாவது பீரியட் சாப்பாட்டுக்குப் பிறகா? தூங்குவார்கள். முடிந்தால் காலைக்கு மாற்றுங்கள். தாளில் பெயர் எழுதச் சொல்லாதீர்கள், மூலையில் ஒரு எண் மட்டும் போதும். அதே எண்ணை எல்லா வாரமும் போட்டால் யாருடைய காரணம் எப்படி மாறுகிறது என்று பார்த்துவிடலாம்.